பன்னிரண்டாவது அடி

பள்ளத்தூருக்கு என்னைக் கூப்பிட்டது கல்யாணத்துக்கு இல்லை,
வழக்கு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
"ஒரே படம்," என்றார் கமிஷனர் வக்கீல் இன்னாசி.
"முகப்பும் தெரியணும், பின்வாசலும் தெரியணும்.
வெட்டி ஒட்டினா கோர்ட்டில் நிக்காது."

நூற்றறுபது அடி.
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு.
கதவுக்குள் கதவு, அதற்குள்ளும் கதவு,
இருட்டு, வெயில், இருட்டு, வெயில்,
கடைசியில் தபால்தலை அளவுக்கு வெளிச்சம்.
அந்தத் தபால்தலையில் சிகப்பி,
கோயம்புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கிய பச்சைப் புடவையோடு,
அடுப்படிக் கட்டு என் பங்கு என்று அங்கேயே நின்றுவிட்டார்.
இந்தப் பக்கம், கேமராவுக்கு ஏழடியில், அவருடைய அண்ணன் பெரிச்சியப்பன்.
முகப்பை விட்டு நகர மாட்டாராம்.
ஒன்பது வருஷமாக இருவருக்கும் வக்கீல் மூலம்தான் பேச்சு.

அப்பர்ச்சரை இரண்டுக்குத் திறந்தேன்.
முதலில் அண்ணன் மேல் ஃபோகஸ். மீசை மயிரை எண்ணலாம்.
தங்கை, கதவில் படிந்த பாசி.
திரையைப் பார்த்தவர், "இது போதுமே," என்றார்.

பிறகு தங்கை மேல். புடவை மடிப்பு, கைப்பையின் ஜிப்.
அண்ணன் ஒரு தோள்பட்டைப் புகை.
கேமராவைத் தூக்கிக்கொண்டு
நூற்றறுபது அடியும் நடந்து போய்க் காட்டினேன்.
"இதையே வைங்க," என்றார் சிகப்பி.

இன்னாசி கண்ணாடியைத் துடைத்தார்.
"ரெண்டுமே ஒருதலைப்பட்சம்."

பையில் இன்னொரு லென்ஸ் உண்டு, முப்பத்தைந்து மில்லிமீட்டர்,
கழுத்தைச் சுற்றி அடிக்கணக்கு பொறித்தது.
முகம் தேடி அலையும் பச்சைச் சதுரம் இதற்குத் தெரியாது.
பதினொன்றுக்கு மூடினேன்.
படுத்திருக்கும் எட்டை, முடிவிலியை,
ஒரு பக்கத்துப் பதினொன்றின் கோட்டுக்கு நேராகத் திருப்பினேன்.
மறுபக்கத்துக் கோடு ஆறடியில் போய் நின்றது.
ஆறடிக்கு அப்பால் எல்லாமே கணக்கில் சேர்த்தி:
அண்ணன், இரண்டாங்கட்டு, தங்கை, பின்தெரு,
பின்தெருவில் யாரோ நிறுத்தியிருந்த டிவிஎஸ்.
நடுக்குறி மட்டும் பன்னிரண்டைக் காட்டியது.

பன்னிரண்டாவது அடியில் ஆளே இல்லை.
மூலை உடைந்த ஒரு பூக்கல்,
அதன்மேல் சர்வேயர் போட்ட சாக்பீஸ் பெருக்கல் குறி.

லென்ஸ் முழுமனதாகப் பார்ப்பது அதை மட்டும்தான்.
மற்ற எல்லாமே கொஞ்சம் பிசகு.
இந்த ஊரில் புள்ளி என்றால் ஒரு குடும்பம்,
கோயில் கணக்கில் ஒரு வரி.
என் கணக்கில் புள்ளி, ஒளி வந்து குவியும் இடம்.
குவியாமல் போனால் அது வட்டமாகும்.
வட்டம் போதுமான அளவு சின்னதாக இருந்தால்
கண் அதையும் புள்ளி என்று ஒப்புக்கொள்ளும்.
தெளிவு என்று நாம் சொல்வது
பெரும்பாலும் இந்த ஒப்புதலைத்தான்.
படத்தைச் சுவரளவு பெரிதாக்கி, மூக்கை ஒட்டிப் பார்த்தால்
ஒப்புதல் ரத்து.

"இருட்டு அதிகம், ரெண்டு வினாடி ஆகும். அசையாதீங்க!"
கத்திச் சொன்னேன், கடைசிக் கதவு வரை கேட்க.

திறந்து மூடியது.

இன்னாசி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
பின்வாசல் நிலை, பச்சைப் புடவை, எல்லாம் அதது இடத்தில்.
அண்ணனுக்கு மட்டும் ஒன்றரை முகம்.
"ஃபோகஸ் போச்சே."
"இல்லை சார், சட்டைப் பையில் பேனாவைப் பாருங்க."
பேனாவின் கிளிப் ஊசிமுனையாக இருந்தது.
"அப்ப முகம்?"
"அசைஞ்சிட்டார்."
"எந்தப் பக்கம்?"

காதிருந்த இடத்தில் கன்னம் கரைந்திருந்தது.
பின்னால் திரும்பிப் பார்க்கிறவருக்கு அப்படித்தான் விழும்.
நான் சொல்லவில்லை. கமிஷன் அறிக்கையில்
அதற்கென்று பத்தி கிடையாது.

உள்ளிருந்து, நாலு கதவு தாண்டி, குரல் வந்தது:
"ஆச்சா?"

நான் வாய் திறக்குமுன் பெரிச்சியப்பன்,
லென்ஸைப் பார்த்தபடியே, சத்தமாகச் சொன்னார்:
"இன்னும் ஒண்ணு!"

வளையத்தை நான் தொடவில்லை.
பன்னிரண்டிலேயே இருந்தது.