மிச்சம்

மீட்டர் எடுக்கிற பையன் வர
இன்னும் பதினோரு நாள்.
படிக்கட்டடியில் நின்று, செல்போன் வெளிச்சத்தில்
இன்றைய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழிக்கிறேன்:
நானூற்று இரண்டு.
ஐந்நூறைத் தொட்டால்கூடப் பரவாயில்லை,
ஐந்நூற்று ஒன்றுதான் ஆபத்து.
அந்த ஒரு யூனிட் தனியாக வராது,
கல்யாண வீட்டுக்கு வருவதுபோல
முன்னால் போனவர்களையும் திரும்ப அழைத்து வந்து
பந்தியில் உட்கார்த்திவிடும்.
போன தடவை ஐந்நூற்று அறுபத்தொன்று.
அந்த மாதம் மகனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கவில்லை.

எர்ணாவூர். மூன்றாவது மாடி, அதுதான் கடைசி.
எங்களுக்கு மேலே வெயில்தான் குடியிருந்தது,
வாடகை இல்லாமல்.
பகலெல்லாம் மொட்டை மாடியில் படுத்துக் கிடந்து
ராத்திரி பத்துக்கு மேல் சீலிங் வழியாக இறங்கி
எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும்.
ஃபேன் அதைத்தான் அள்ளி அள்ளி
முகத்தில் போட்டது.

"ஏசி வாங்கிடலாமா?" என்றார் தேசிங்கு.
ஹார்பரில் ட்ரெய்லர் ஓட்டுகிறவர்.
தவணைக் கணக்குப் போட்ட காகிதம்
சட்டைப்பையில் வேர்த்து நனைந்து
எட்டும் மூன்றும் ஒன்றாகியிருந்தன.
எட்டு என்று படித்தாலும் முடியாது,
மூன்று என்று படித்தாலும் முடியாது.
சுண்ணாம்பு அடிப்போம் என்றேன்.

பன்னிரண்டு வீடு, ஆளுக்கு இருநூறு கேட்டேன்.
"உன் தலைக்கு மேல கீற மாடிக்கு
நான் இன்னாத்துக்கு துட்டு தரணும்?"
என்றார் கீழ்வீட்டு எத்திராஜ்.
நியாயம்தான்.
போன மழையில் அவர் கட்டில் மிதந்தபோது
நாங்கள் மேலேயிருந்து டார்ச் அடித்தோம்,
அவ்வளவுதான்.
மெர்லின் மட்டும் ஒரு பிரஷ் தந்தாள்,
பாதி ரோமம் உதிர்ந்தது.

தண்டையார்பேட்டையில் வாங்கிய கிளிஞ்சல் சுண்ணாம்பு
நீல டிரம்மில் தண்ணீர் பட்டதும்
அடுப்பில்லாமல் கொதித்தது.
நாலு முட்டையை உள்ளே விட்டால்
கேஸும் மிச்சமாகுமே என்று ஒரு கணம் யோசித்தேன்.
பசை ரெண்டு டப்பா. விரிசலுக்கு சிமெண்ட் பால்.
ஞாயிறு விடிவதற்கு முன்னால் ஆரம்பித்தோம்.
தேசிங்கு கதவுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டே போய்
தண்ணீர்த் தொட்டி மூலையில் மாட்டிக்கொண்டார்.
காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.
நான் எறிந்த பன்னை ஒற்றைக் கையில் பிடித்தார்.
கல்யாணமான பிறகு
இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல
அவரை ஓரிடத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி கட்டில்மேல் ஏறி சீலிங்கைத் தொட்டேன்.
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி.
ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்தேன்,
யாரும் எழுந்து திட்டவில்லை.

நாலு வாரம் அப்படி.
பிறகு காற்று திரும்பியது.
துணி காயப்போடப் போனால்
வெள்ளை மாடி முழுக்கச் சாம்பல்,
மகனுடைய காலடி அதில் அச்சு அச்சாக.
வடக்கே புகைபோக்கி
எதுவும் தெரியாததுபோல் நின்றுகொண்டிருந்தது.
அங்கேதான் கரி எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள்.
முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும்,
கறுத்த மாடியில் தெரியவில்லை.
துணியில்? மூக்கில்? சோற்றில்?
வெள்ளை அடித்த பிறகுதான் கேட்கத் தோன்றுகிறது.

நான் எரிக்காத யூனிட்டை
எங்கேயோ யாரோ எரிக்கிறார்கள்.
அதன் மிச்சம் எங்கள் தலையில்.

தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். மோட்டர் ஓட வேண்டும்,
அது பொது மீட்டர், எத்திராஜ் கேட்பார்.
அதனால் சனிக்கிழமைதோறும் துடைப்பம்,
மூக்கைச் சுற்றித் துப்பட்டா.
இன்று ஒரு முறம் சேர்ந்தது.
"பாத்திரம் தேய்க்க ஆகும்க்கா, சோப்பு மிச்சம்"
என்றாள் மெர்லின். சிரிக்கவில்லை.
நானும் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை.

முறத்தை அங்கேயே வைத்துவிட்டு
எண்ணைப் பார்க்கக் கீழே இறங்குகிறேன்.
இரண்டாவது மாடி விளக்கை
யாரோ பட்டப்பகலில் எரியவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அணைக்கிறேன்.