தனியவா?

களுவாஞ்சிக்குடிச் சந்தியில்
காதில் போனோடு பிடிபட்டுக் கட்டின தண்டத்தை விட
இது மலிவு என்று கணக்குப் பார்த்துத்தான்
கல்முனைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன்.

றஜாப்தீன் தலையை டாஷ்போர்ட்டுக்கு அடியில் விட்டு
கால் இரண்டையும் றோட்டில் போட்டுக்கொண்டு
ஒரு மணித்தியாலம் வயரோடு கதைத்தான்.
உள்ளே கிடந்து வந்தவை:
மகன் தொலைத்த போளை,
பழைய பெற்றோல் துண்டு,
யாரோ ஒருத்தியின் தோட்டுச் சுரை.
"இத மனிசிக்குக் காட்டிராதீங்க" என்றான்.
ஹயருக்கு ஓடுற காரில் எவ்வளவோ உதிரும்.

வெயில் தட்டின் ஓரத்தில் மிளகளவு மைக்.
"காத்துப் பட்டா இதுக்குக் காது கேளாது,
கதைக்கக்குள்ள கண்ணாடிய ஏத்துங்க."
நாலு சைபர் அமத்தச் சொன்னான்.
போனும் காரும் ஒன்றையொன்று கண்டு
சாதகம் பாராமல், சீதனம் கேளாமல்
சேர்ந்துகொண்டன.

செவ்வாயும் வெள்ளியும்
தெய்வநாயகி ரீச்சரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு
இரத்தம் சுத்தம் பண்ண ஏற்றிப்போவேன்.
கோட்டைக்கல்லாறுப் பாலத்தில் ஏற, மணி.
கை எடுக்காமல், பெருமையாகப் பொத்தானை அமத்தினேன்.
நாலு கதவுக்குள்ளிருந்தும்
லீசிங் கம்பெனிப் பிள்ளை:
"சேர், மூன்று கட்டணம் நிலுவை.
இந்தக் கிழமைக்குள்ள கட்டாட்டி வாகனத்த..."
எதை அமத்தினால் வாய் மூடும் என்று
றஜாப்தீன் சொல்லித் தரவில்லை.
சத்தத்தைக் குறைக்கப் போய்க்
கூட்டிவிட்டேன்.

பாலம் முடிந்தது.
களுவாஞ்சிக்குடியும் முடிந்தது.
குருக்கள்மடத்தில் ரீச்சர் வெளியே பார்த்தபடி,
"அந்தப் பிள்ளை காலமை சாப்பிடல்ல போல,
குரல் காஞ்சு கிடக்கு" என்றா.
அவ்வளவுதான்.

பிறகு மச்சான் கட்டாரிலிருந்து கேட்டான்,
"எல்லைக் கதியால் போட்ட அந்த மனிசன்
இன்னும் சாகல்லியா?"
பின் சீட்டில் அந்த மனிசனின் தம்பி.
ஒரு மைல் தூரம்
எனக்கு மட்டும் வேர்த்தது.

அதற்குப் பிறகு என் வணக்கம் மாறிப்போனது.
யார் எடுத்தாலும் முதலில் சொல்வேன்:
"ஆக்கள் இருக்காங்க."
எடுப்பவர்களும் பழகிவிட்டார்கள்.
முன்பெல்லாம் "எங்க நிக்கிறீங்க?" என்று தொடங்கும் மனிசி
இப்போது "தனியவா?" என்று கேட்பாள்.
இல்லையென்றால்
"மரக்கறி வாங்கிட்டு வாங்க" என்பாள்.
வீடு நிறைய மரக்கறி.
எந்த நாள் உண்மையாகவே கறிக்கு,
எந்த நாள் வேறெதற்கோ என்று
இன்றுவரைக்கும் தெரியாது.

மார்கழியில் ஒரு வெள்ளி,
ரீச்சரை வாட்டில் மறித்துவிட்டார்கள்.
கையொப்பம் வைத்துவிட்டு வெறும் காரோடு திரும்பினேன்.
அவட சுடுதண்ணிப் போத்தல் பின்னுக்கு
வளைவுக்கு வளைவு உருண்டது.
கல்லடிப் பாலத்தில் கண்ணாடி இறக்கியிருந்தேன்,
வாவி ஈரமாக உள்ளே வந்தது.
காத்தான்குடிப் பேரீச்ச மரங்களுக்கு நடுவே
மணி.

"தனியவா?"
"ஓம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் பார்த்தேன்.
சட்டி மூடி ஒன்று நாலு கதவிலும் விழுந்து சுழன்று அடங்கியது.
குழாய் திறந்தது, மூடியது.
மகன் யாருக்கோ ஒன்பதாம் வாய்பாடு சொன்னான்,
ஏழில் பிழைத்தான்.
என் குசினி முழுக்க
மணிக்கு நாற்பதில் ஓடியது.

"என்ன?" என்றேன்.
"ஒண்டுமில்ல. சொல்லக் கிடந்தது. மறந்திட்டு."
வைக்கவில்லை.

ஆரையம்பதி தாண்டி றோட்டு இருண்டது.
கடல் பக்கத்திலிருந்து காற்று.
நான் கண்ணாடியை ஏற்றினேன்,
அவளுடையதை அல்ல,
என்னுடைய பக்கத்தை,
அவள் ஒன்றும் சொல்லாதது
தெளிவாகக் கேட்க.