டம்மி நம்பர்

சைதாப்பேட்டைப் பள்ளியில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
காலையில் பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு.
ஓடுகிற மின்விசிறி ஒன்றே ஒன்று,
அதுவும் ஜெசிந்தா மிஸ் தலைக்கு நேரே.

செவ்வாய்க்கிழமை
தங்கையின் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி
வியாழக்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.
அன்று எனக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை.
மின்ரயிலில் என் தோளில் தூங்கி விழுந்த பெண்ணை
முழங்கையால் எழுப்பினேன்.
இளநீர்க்காரர் சில்லறை இல்லை என்றதும்
ஊரே கூடி என்னை ஏமாற்றுவதாகத் தோன்றியது.

சிறுநீரகம், படம் வரைந்து பாகம் குறி. ஐந்து மதிப்பெண்.
அம்புக்குறி ஒவ்வொன்றின் நுனியையும்
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
புறணி என்று எழுதி வேறெதையோ காட்டியவர்களுக்கு
அரை அரையாக வெட்டினேன்.
கோழி கிளறிய எழுத்தில் ஒருவன்
கூடுதல் தாளில் நூல் கட்டிய ஓரத்தில்
சரியான விடையை இடுக்கி வைத்திருந்தான்.
யாரையும் நம்பாமல் மூன்று முறை படித்ததால்
அகப்பட்டது.
சிரிக்காமல் ஐந்து போட்டேன்.

வியாழன், பதினொன்றே கால்.
கைப்பேசி ஒப்படைக்கும் மேசைக்கு
வேதமூர்த்தி சார் கூப்பிட்டார்.
"ஒண்ணுமில்லயாம்க்கா. வெறும் நீர்க்கட்டியாம்."

அப்புறம் வெயில்கூட நல்ல வெயில்.
ஒழுகிக்கொண்டே போன குடிநீர் லாரியைக்கூட
கோபமில்லாமல் பார்த்தேன்.
அறை முழுக்க எல்லோருக்கும் ரோஸ்மில்க், என் செலவு.
நீலமசியில் கோத்து வைத்ததுபோல் ஓர் எழுத்து:
நல்ல குடும்பத்துப் பெண் என்று நினைத்து
நாலரை போட்டேன்.
அவள் குடும்பத்தை நான் எங்கே கண்டேன்?
பன்னிரண்டையும் முதலில் முடித்தவள் நான்தான்.
கூட்டல் சரிபார்ப்பவர் ஒரு தாளோடு திரும்பி வந்தார்:
"ஏழாம் பக்கத்தைத் தொடவே இல்லையே மிஸ்."
அதற்கும் சிரித்தேன்.
கிளறிய எழுத்துதான் அதுவும்.

சாயங்காலம் ரயிலில்
இன்னொருத்தி தோளில் சாய்ந்தாள்.
குரோம்பேட்டையில் எழ மனமில்லை,
சானடோரியம் வரை அசையாமல் போனேன்.
அந்த நேரத்தில்தான் நினைவு வந்தது நீலமசி.
அவள் படத்தில் சிறுநீர்நாளம் இருந்ததா?

கட்டு நாற்பத்தொன்று
நூல் சுற்றி அரக்கு வைத்துப் போய்விட்டது.
நாளைக்கு வேறு கட்டு.
எந்த முகத்தோடு எழுவேன் என்று
விடைக்குறிப்பில் போடவில்லை.