வெஸ்ட்ரி மேசை

இரண்டாம் ஆராதனை முடிந்து
ஜனங்கள் வாசலில் செருப்புத் தேடும் நேரம்
காணிக்கைப் பையைக் கவிழ்ப்போம்,
நானும் ஹெப்சிபா அக்காவும் மெர்வின் அங்கிளும்.

நோட்டுகளை முகம் ஒரே பக்கமாகத் திருப்புவது என் வேலை.
கவிச்சி அடித்தால் காசிமேடு.
கிரீஸ் ஒட்டினால் கேரேஜ் வேலைக்காரர்.
ஓரத்தில் குங்குமம் என்றால் பூக்கார கன்னியம்மா,
கடைசி பெஞ்சில் முந்தானையால் தலை மூடி
பாட்டு வராமல் உதடு அசைப்பவள்.
ஞானஸ்நானம் எப்போது என்று
ஒரே ஒரு தரம் கேட்டார்கள்.
ஆறு வாரம் வரவில்லை.
பிறகு யாரும் கேட்கவில்லை.

மெர்வின் அங்கிள் தமிழில் திட்டுவார்,
இங்கிலீஷில் ஜெபிப்பார்,
சில்லறை எண்ணுவது மட்டும் தெலுங்கில்:
ஒகட்டி, ரெண்டு, மூடு...
போன வருஷம் போய்விட்ட சுகுணா ஆன்ட்டியின் பாஷை அது.
நடுவில் பேசினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.
நாங்கள் சில நாள்
வேண்டுமென்றே பேசுவோம்.

ஆகஸ்டில்
ஒரு இருபது ரூபாய்க்குள் மடித்த தாள்.
எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாய்,
ஒவ்வொன்றின் தலைக்கும் ஒரு குடை.
எங்கள் மூவருக்கும் தெரியாத பாஷை.
ஹெப்சிபா அக்கா கண்ணில் ஒற்றி
விண்ணப்பப் பெட்டியில் போட்டார்.

மறு ஞாயிறு ஆயர் வாசித்தார்:
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏழாவது நாளாக எமீமா.
ஆந்திராப் பக்கம் பிடித்துவைத்த போட், அதில் ஐந்து பேர்.
வியாசர்பாடி பர்மா காலனி தவமணிக்கு வீட்டு வழக்கு.
அப்புறம் அந்தத் தாள்.
திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.
"ஆண்டவரே, இதை நீரே வாசித்துக்கொள்ளும்."
ஆமென் என்றோம்.
மூன்று வாரம் என்றோம்.
டி.எச். ரோட்டில் மணலிப் புகைக்குள் வரிசை நின்ற
கன்டெய்னர் லாரிகளும் ஏதோ சொல்லின.

திருவிருந்து ஞாயிறைப் பற்றி
நான் எழுதக் கூடாது.
கிண்ணம் ஒன்று, துடைக்கும் துணி ஒன்று.
ஆனால் முன் பெஞ்ச் சாலமோன் வீட்டார்
எப்போதும் முந்தி எழுந்துவிடுவார்கள்.
கல்லறையிலும் அவர்களுக்கு வேறு மூலை.
எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை,
சின்னப் பிள்ளைகளுக்குக்கூட
எந்த வரிசை தங்களுடையது என்று தெரியும்.

அசித் டிகாலுக்குத் தெரியாது.
கந்தமாலிலிருந்து வந்து நாலு மாதம்,
கன்டெய்னர் யார்டில் ராத்திரி ஷிப்ட்.
தூங்காத கண்ணோடு நேரே நடந்து போய்
முதல் ஆளாக முழங்காலிட்டான்.
சாலமோன் அம்மா பாதி எழுந்தபடி நின்றார்.
ஆயர் விளிம்பைத் துடைத்தார்,
வழக்கம்போல் ஒரு சுற்று,
கூடவும் இல்லை குறையவும் இல்லை.
அடுத்து அம்மா குடித்தாரா,
உதட்டை மட்டும் நனைத்தாரா,
எனக்குத் தூண் மறைத்தது.

ஆராதனை முடிந்து வெஸ்ட்ரிக்கு வந்தான்.
"அந்த பேப்பர் என்னுது அக்கா."
தமிழ் அவன் வாயில் புது செருப்புபோல் கடித்தது.
"எழுதினது... கடை சாமான்."
வெங்காயம் ரெண்டு கிலோ. உருளைக்கிழங்கு.
துணி சோப்பு. போன் ரீசார்ஜ்.
ரூமில் நாலு பேர், சமையல் முறை அவனுடையது.

மெர்வின் அங்கிள் சிரித்த சிரிப்பில்
அடுக்கிய ஐந்து ரூபாய்க் காசெல்லாம் சரிந்தது.
மூன்று வாரம் எழுந்து நின்று
வெங்காயத்துக்கு ஆமென் சொல்லியிருக்கிறோம்.
ஹெப்சிபா அக்கா சிரிக்கவில்லை.
"எல்லாம் கெடச்சுதா தம்பி?" என்றார்.
யோசித்தான்.
"கடுகு எண்ணெய் மட்டும் இல்ல. இங்க கடையில வைக்கிறதில்ல."

அக்கா எந்த பஸ் ஏறினார்,
மின்ட் தெருவில் எத்தனை கடை கேட்டார், சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காணிக்கை
பதினோராயிரத்து நானூற்று அறுபது.
கணக்கில் எழுதாதது
மேசைக்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டில்.
மூடி சரியில்லை, கசிந்துவிட்டது.
அன்று எந்த நோட்டை முகர்ந்தும்
யாருடையது என்று
என்னால் சொல்ல முடியவில்லை.