வரவுச் சீட்டு

காரைக்குடி ஸ்டோர்ஸில் பேரேடு எழுதுகிறவள் நான்.
ரயில் பஸ் என்று ஒன்றை அனுப்பினார்கள்.
முன்னால் ஒரு முகம், பின்னாலும் அதே முகம்.
மானாமதுரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை.

தேவகோட்டை ரஸ்தாவிலேயே மூச்சிரைக்கும்.
கல்லல் தாண்டினால் கொதித்து நின்றுவிடும்.
டிரைவர் அருளானந்து இறங்கிப்போய்
கண்மாயில் வாளி முக்கி வந்து ஊற்றுவார்.
அதற்குள் பயணிகள்
வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, கசக்கிறதென்று
சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள்.

ஃபிட்டர் சிக்கந்தர் கேட்டது ஒரே ஒரு தண்ணீர் பம்ப்.
ஏழு கடிதம் தட்டச்சு செய்தேன்.
எட்டாவதில்
'தயவுசெய்து' என்பதை எடுத்துவிட்டேன்.

பதினோராம் மாதம் ஓரத் தண்டவாளத்தில் தள்ளினார்கள்.
சீட்டுப் பஞ்சுக்குள் மைனா குஞ்சு பொரித்தது.
ஏலம் எடுத்தவர், காஸ் கட்டரோடு வந்தவர்,
குஞ்சுகள் பறக்கட்டும் என்று ஒரு வாரம் பொறுத்தார்.
பிறகு இரண்டே நாள்.

போன வெள்ளிக்கிழமை மரப்பெட்டி வந்தது.
வைக்கோலுக்கு நடுவே எண்ணெய் மினுங்க பம்ப்.
குழந்தை மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
சிக்கந்தர் விரலால் சுற்றிப் பார்த்தார்.
"சத்தமே இல்லாம சுத்துதும்மா."

'எந்த வண்டிக்கு' என்றொரு கட்டம்,
அதைக் காலியாக விடக் கூடாது.
அதன் எண்ணையே எழுதினேன்.

பெட்டியில் ஓர் அட்டை இருந்தது:
இரண்டு வருட உத்தரவாதம்,
கையெழுத்திட்ட நாளிலிருந்து.
பேனாவை உதறி உதறி
மை வரும்வரை
கையெழுத்திட்டேன்.