பெயர் கேட்காத படிவம்

பெயர் வேண்டாம் என்கிறது படிவம்.
பிரிவைக் கேட்கிறது, பணியாண்டைக் கேட்கிறது.
ஔலு கிளையில், சோதனைப் பிரிவில்
பதினோரு வருடக்காரி
தூலிக்கி ஒருத்திதான்.

பிடித்தது:
மூன்று மணிக்கே இருட்டும் டிசம்பரில்
நலம் விசாரிக்காமல்
யாரோ நிரப்பிவிட்டுப் போகும் காபி.

பிடிக்காதது:
வெள்ளிக்கிழமை வெளியீடு.
சவுனாப் பலகையில், துண்டுக்கடியில்
அதிரும் போன்.
அப்புறம் ‘குடும்பம்’ என்ற சொல்.
மார்ச்சில் அக்குடும்பத்தின் நாற்பது பேரை
மின்னஞ்சலில் வழியனுப்பினார்கள்.

இல்மாரியும் போனான்.
நிரலில் இன்னும் இருக்கிறது அவன் குறிப்பு:
“தொடாதே. ஏன் ஓடுகிறதென்று எனக்கும் தெரியாது.”
நேற்றுகூடப் படித்துச் சிரித்தாள்,
பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி.

இது எந்தப் பெட்டிக்கு?
இரண்டிலும் ஒட்டினாள்.
ஒரே பதில் இருமுறை செல்லாதென்று
சிவப்பில் கடிந்தது படிவம்.

அந்தச் சிவப்பைச் சோதித்து
‘சரி’ போட்டவள்
அவள்தான்.