ஆறுக்கு நாலு

காளவாசல் பைபாஸில் இது மூன்றாவது கடை.
ஏசிக் குளிரில் வீடில்லாத சுவர்கள் வரிசையாய் நிற்கின்றன,
ஒவ்வொன்றிலும் தண்ணீர் வராத ஒரு குழாய்.

கீழே டார்க், நடுவில் ஹைலைட்டர், மேலே லைட்.
மூணும் ஒரே குடும்பம் மேடம், என்கிறான் லெனின்பாரதி.
(சட்டையில் குத்திய பெயர்.)
குடும்பம் என்றால் டார்க் எப்போதும் கீழேதானா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அழுக்குத் தெறிக்கும் இடம், தெரியக்கூடாதில்ல,
கேட்கும் முன்பே சொல்லிவிட்டான்.

இவருக்குப் பளபளப்பு வேண்டும்.
என் தம்பி வீட்டில் முகம் தெரிகிறதாம்.
எனக்குக் கால் நிற்கிற தரை வேண்டும்.
ஐப்பசியில் வழுக்கி விழுந்தது நான்.
மாவுக்கட்டோடு நான் கிடந்த ஆறு வாரமும்
வந்தவர்களுக்கெல்லாம் விழுந்த கதையைச் சொன்னது
இவர்.

கோயம்புத்தூரிலிருந்து மதிவதனி படம் அனுப்புகிறாள்:
பாசிப்பச்சைச் சுவர், கறுப்புக் குழாய், ஓரத்தில் சின்னச் செடி.
விடுதிக்குப் போன ஒரே வருடத்தில்
நம் போர் தண்ணீர் அவளுக்கு மறந்துவிட்டது.
பழங்காநத்தத்து உப்பு
எந்தக் கறுப்புக்கும் ஒரு வாரத்தில் திருநீறு பூசிவிடும்.
குரோம் என்றால் எலுமிச்சைத் தோலுக்காவது பணியும்.

உங்க கான்செப்ட் என்ன மேடம்?

பழைய சுவரில் நான்கு டைல் சேர்ந்தால் ஒரு பூ.
ஒட்டியவர் ஒன்றை மட்டும் திருப்பி ஒட்டிவிட்டார்,
முக்காலியில் உட்கார்ந்தால் நேர் எதிரே.
பதினெட்டு வருடம் அந்தப் பூவுக்கு
ஓர் இதழ் வெளியே பார்த்தபடி இருந்தது.
சீட்டுப் பணத்தோடு ஆள் ஓடிப்போன காலையிலும்
அம்மா போய்விட்டாள் என்று போன் வந்த இரவிலும்
ஒன்றுமே நடக்காத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையிலும்
வாளி நிறைந்து வழிய வழிய
அந்த இதழையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
எங்கள் வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டால்
யாரும் ஏன் என்று கேட்காத அறை அது ஒன்றுதான்.

கான்செப்ட்.
ஆறடிக்கு நாலடி. பத்து நிமிஷம்.
இதை லெனின்பாரதியிடம் எப்படிச் சொல்வது?
சொரசொரப்பாய் ஒரு சாம்பலைத் தொட்டுக் காட்டினேன்.
அட்டையில் அதற்கு வாய்க்குள் நுழையாத இத்தாலிப் பெயர்.
எனக்கு அது மழை விட்ட மறுநாள் நாகமலை.
தோள் உயரம் வரை அது.
அதற்கு மேலே இவருடைய பளபளப்பு,
முகம் அங்கேதானே இருக்கிறது.
ஹைலைட்டர் வேண்டாம் என்றதும்
பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

சாம்பலில் பதினோரு பெட்டி.
ஒண்ணு மட்டும் வேற பேட்ச் மேடம்,
ஷேடு லேசாத்தான் மாறும்,
ஒட்டின பிறகு தெரியாது.
இதே வாக்கியத்தை
பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு
என் சித்தப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வேலைக்கு வந்தது சோணைமுத்து.
பழைய பூக்களை அரை நாளில் உடைத்து
சிமெண்டுச் சாக்கில் அள்ளிவிட்டான்.
ஜாயின்ட்டுக்கு வெள்ளை போடவாக்கா, என்றான்.
வெள்ளை எத்தனை நாளைக்கு?
ஆறு மாசம். அப்புறம் கறுத்துப்போகும்.
கறுத்த பிறகு என்ன நிறத்தில் இருக்குமோ
அதையே இப்போதே போடு.

அளவில் சுவர் எங்கேயோ அரை அங்குலம் ஏமாற்றுகிறது.
அறுத்த துண்டுகளும் அந்த வேறு பேட்ச்சும்
கதவுக்குப் பின்னால் போய்விடுமாம்.
யார் கண்ணுலயும் படாதுக்கா.
கதவைத் திறந்து நிற்பவர் கண்ணில் படாதுதான்.
சாத்தித் தாழ்ப்பாள் போட்டால்
அந்தச் சுவர்தான் எதிரே.
அங்கேயே போடு, என்றேன்.

ஒரு நாள் காயவிட்டு
மறுநாள் முதல் வாளி எனக்கு.
நாகமலையில் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டாற்போல் இருந்தது.
பேட்ச் மாறினது தெரியுதா? வெளியிலிருந்து இவர்.
தெரியல, என்றேன்,
குழாயை முழுசாகத் திறந்துவிட்டு.